நாற்பத்திரண்டாவது வரி

ஜூன் ஏழாம் தேதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நகர நூலகத்தின் இரண்டாம் மாடியில் சொந்தமாக இணையதளம் செய்யக் கற்றுத்தரும் ஆறு வார வகுப்பு தொடங்கியது. சேர்ந்தவர்கள் பதினொரு பேர். பிளக் பாயிண்ட் பத்து.

கடைசியாக வந்தவன் லிஃப்ட் மெக்கானிக். நனைந்த தலையோடு வந்தவன், யாருடையது என்று பார்க்காமல் ஒரு பிளக்கைப் பிடுங்கினான். கண்ணாடிக் கடைக்காரியின் பழைய லேப்டாப் பொசுக்கென்று அணைந்தது. அரை மணி நேரம் அடித்த தலைப்பு போயே போய்விட்டது.

"பார்த்துப் பிடுங்கக் கூடாதா?"

"பார்த்தேன்... பிளக்கைத்தான் பார்க்கல."

நாளெல்லாம் பிறர் கண்களை அளப்பவள் அவள். கருமணிக்கும் கருமணிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்தவுடன் சொல்வாள். அவன் கண்களுக்கு மட்டும் எண் வரவில்லை... இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றது.

அன்று முதல் ஒரே மேசை. ஒரே பிளக், முறை வைத்து. அவள் அண்ணனின் கடைக்குத் தளம் செய்தாள். அவன் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் தகவல் சொல்ல ஒன்று. மூன்றாம் வாரம், நிரலில் இரண்டு குறிகளுக்கு நடுவே எழுதுவது இணையப் பக்கத்தில் தெரியாது, நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் குறிப்பு அது என்று டீச்சர் சொன்னார். அவள் அவனைப் பற்றி ஒரு வரி எழுதிப் பார்த்தாள். நிஜமாகவே தெரியவில்லை.

நான்காம் வாரம் அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், திரையில் கோணலாக நின்ற அவள் இணையப் பக்கத்தை அவன் நேராக்கி வைத்தான். எல்லோரும் பாராட்டினார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. உனக்கெதற்கு இதெல்லாம், ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம் என்று அண்ணன் சொன்னதற்கு வீம்பாக வந்தவள் அவள்.

"நான் கேட்டேனா?"

"சிரமப்படுறீங்களேன்னு..."

"சிரமப்படத்தான் வந்திருக்கேன்."

அவன் எழுந்து வேறு மேசைக்குப் போனான்.

அடுத்த இரண்டு வாரமும் அவள் போகவில்லை. கடையில் உட்கார்ந்து தனியாகவே செய்து முடித்தாள். அவன் நம்பர் கூட அவளிடம் இல்லை. வகுப்பு முடிந்துவிட்டால் அவனை எங்கே என்று தேடுவது? சொல்ல முடியாததையெல்லாம் அந்தக் குறிகளுக்கு நடுவே எழுதினாள்... பதினெட்டு வரி. கடைசி சனிக்கிழமை மாலை தளத்தை ஏற்றி, முகவரியை டீச்சருக்கு அனுப்பினாள். டீச்சர் அதை வகுப்பு முழுவதற்கும் அனுப்பினார்.

திங்கட்கிழமை மழையோடு அவன் கடைக்குள் வந்தான். கல்லாவில் அண்ணன்.

"உங்க பக்கம் நல்லாருக்கு. நாப்பத்திரண்டாவது வரியில மட்டும் ஒரு தப்பு."

"தப்பே இல்ல. மூணு தடவை பார்த்துட்டேன்."

"நீலச் சட்டையைப் பார்க்காத சனிக்கிழமை நகரவே மாட்டேங்குதுன்னு எழுதியிருக்கீங்க." அவன் குரல் தணிந்தது. "அது சாம்பல்."

அவள் கையிலிருந்த ஃபிரேம் மேசையில் விழுந்தது.

"அது... வெளிய தெரியாதே?"

பக்கத்தில் தெரியாது, ஆனால் எந்தத் தளத்தின் நிரலையும் திறந்து, அதில் எழுதியது அத்தனையையும் யாரும் படிக்கலாம் என்றான். ஐந்தாம் வாரப் பாடம் அது. அவள் வராத வாரம்.

"எல்லாரும் படிச்சாங்களா?"

"ஒருத்தர் விடாம."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் ஏற்கெனவே துடைத்த லென்ஸை மறுபடி துடைத்தார்.

"அன்னிக்குக் கேக்காம கை வெச்சது என் தப்பு," என்றான் அவன். "அந்த வரியெல்லாம் அழிச்சிடுங்க. ஆனா முதல்ல ஒரு தடவை... நேர்ல."

வெளியே மழை வலுத்தது. விரல்களை விலக்கி அவனைப் பார்த்தாள். இப்போதும் எண் வரவில்லை.

"பிடிச்சிருக்கு," என்றாள்.

"எனக்கும்தான். எழுதத்தான் தைரியம் வரல."

அன்று மாலை பதினெட்டு வரிகளும் நீக்கப்பட்டன. அக்டோபர் பதின்மூன்றாம் தேதி பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்தது. அண்ணன் முதல் சாட்சியாகக் கையெழுத்திட்டார்.