மார்னியின் பெட்டியில் ஒரு துளை

மிச்சிகன் ஏரிக்கரை ஊரான அல்கோமாவில் மழை மேலிருந்து மட்டும் பெய்யாது. ஏரியிலிருந்து பக்கவாட்டிலும் வரும். காற்றுக்கு மனசு வந்தால் கீழிருந்துகூட வரும். அப்படி எல்லாப் பக்கமும் மழை பெய்த ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமைக் காலையில், யாரோ வீட்டு முன்வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடந்த ஒரு பெரிய ஃப்ரீசர் பெட்டியின் மூடியில் லோரன் ப்ரிபில் கை வைத்தான்.

அதே நொடியில் இன்னொரு கையும் அங்கே வந்து விழுந்தது. ஈரமான, சிவந்த, வளையல் இல்லாத கை...

"கையை எடுங்க," என்றது கைக்குச் சொந்தமான குரல்.

"நான்தான் முதல்ல வெச்சேன்."

"கைதானே வெச்சீங்க? நான் நேத்தே கண்ணு வெச்சுட்டேன்."

லோரன் நிமிர்ந்து அந்தக் கண்ணைப் பார்த்தான். அதோடு அவன் கதை முடிந்தது. மிச்சிகன் ஏரியில் மழை விழும்போது ஒரு நிறம் வருமே... சாம்பலும் இல்லாமல், நீலமும் இல்லாமல்... அந்த நிறத்தில் இரண்டு கண்கள். அவற்றின் இமைகளில் தொங்கிய மழைத்துளிகள் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

மார்னி டெல்ஃபோஸ் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவள். அவள் முறைத்தாலே பனி ஒதுங்கிவிடும், வண்டி சும்மா பின்னால் போனால் போதும் என்று சொல்வார்கள். லோரனோ படகுத்துறையில் மீனுக்கு ஐஸ் போடுகிற கொட்டகையில் வேலை பார்ப்பவன். வெயில் காலம் முழுக்கக் கொட்டகைக்குள் கிடப்பதால் அவளை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"எனக்கு மான் கறி வைக்கப் பெட்டி வேணுங்க," என்றான். குரல் ஏனோ பாதியாகிவிட்டது.

"மான் இன்னும் காட்டுலதானே மேஞ்சுட்டு இருக்கு? என் பீர் காய்ச்சி முடிச்சாச்சு." சொல்லிவிட்டு அவள் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது!

பணம் கொடுத்து முடித்த பிறகுதான் மார்னிக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவள் வந்தது சின்னக் காரில். பெட்டியை வேண்டுமானால் வெளியே வைத்து, காரை அதற்குள் போட்டுக்கொண்டு போகலாம்.

மழையில் கொஞ்ச நேரம் நின்றாள். கீழே பார்த்தாள். மேலே பார்த்தாள். கடைசியில் அவனைப் பார்த்தாள்.

"அந்த பிக்கப் வண்டி... உங்களதா?"

"ஆமா."

"மான் கறி ஏத்துற வண்டியோ?"

"பீர் காய்ச்சுறவங்க கேட்டா அவங்க பெட்டியையும் ஏத்தும்."

அவள் சிரித்தாள். இமையில் யோசித்துக்கொண்டிருந்த துளி கீழே விழுந்தது.

*

மார்னியின் கார் ஷெட்டில் பெட்டி இறங்கியது. அங்கே ஏற்கெனவே நான்கு எஃகுப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. எல்லாம் அவள் சமையலறையில் காய்ச்சிய பீர். செப்டம்பரில் கெர்மிஸ் வருகிறது. பெல்ஜியத்திலிருந்து வந்தவர்களின் அறுவடைத் திருவிழா. அன்று தேவாலயப் பூசை முடிந்து ஊரே இந்த ஷெட்டுக்கு வந்து, குழாயைத் திறந்து, அவள் பீரைக் குடிக்கப் போகிறது. அதற்குத்தான் இந்தப் பாடு.

"பெட்டிக்கும் மூடிக்கும் நடுவுல ஒரு மரச்சட்டம் வைக்கணும்," என்று அவள் விளக்கினாள். "பீர்க் குழாய், வாயுக் குழாய், வயர் எல்லாம் அந்த மரத்து வழியாத்தான் போகணும். பெட்டிச் சுவத்துல மட்டும் துளை போடவே கூடாது. உள்ளே குளிர்வாயு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பெட்டி செஞ்சவனுக்கே தெரியாது. துளை போட்டவங்க பாதிப் பேரு அழுதுகிட்டேதான் எங்க பீர் சங்கத்துல வந்து சேர்ந்தாங்க."

"உறைஞ்சு போயிடாதா பீரு?"

"இந்தச் சின்னக் கருவி பார்த்துக்கும். குளிர் போதும்னா மோட்டாரை நிறுத்திடும். உங்களுக்கு மரவேலை தெரியுமா?"

லோரன் வாழ்நாளில் ஒரே ஒரு பறவைக்கூடு செய்திருக்கிறான். அதில் எந்தப் பறவையும் குடியேறவில்லை. "தெரியுமாவா!" என்றான்.

"நல்லது. ஆனா ஒண்ணு... தப்பு பண்ணா சொல்லிடணும். போன வருஷம் ஒருத்தர் எனக்காகவே பொறந்த மாதிரி பழகினாரு. என் பீப்பாயில இருந்து குடிச்சுட்டு, அளவு குறையாம தண்ணி ஊத்தி வெச்சாரு. அவரு சாமான் செட்டையெல்லாம் பனி வண்டி பிளேடாலயே ரோட்டுக்குத் தள்ளிட்டேன்."

லோரன் அவசரமாக அளவு நாடாவை எடுத்தான்.

மரச்சட்டம் மூன்று முறை கோணலாக வந்து, நான்காம் முறை கொஞ்சம் குறைந்த கோணலாக வந்தது. முதல் நாள் குழாயைத் திறந்தபோது நுரை மட்டுமே வந்தது. ஷெட் முழுக்க நுரை. மார்னியின் தந்தை எமெரி, ஆகஸ்டிலேயே பனி விழுந்துவிட்டது என்று கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ரப்பர் குழாய் குட்டையாக இருப்பதுதான் காரணம் என்று மார்னி நீளமானதை மாட்டினாள். நுரை அடங்கி, தேன் நிறத்தில் பீர் இறங்கியது. இருவரும் ஒரே தம்ளரில் ருசி பார்த்தார்கள். தம்ளர் இரண்டு இருந்தன. அதை இருவருமே கவனிக்கவில்லை... அல்லது கவனித்தார்கள்.

அடுத்த நாள் வந்தது வினை. பீரைக் குழாய்க்குத் தள்ளும் வாயு சிலிண்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தார்கள். அதன் குழாய் உள்ளே போக ஒரு துளை வேண்டும். மார்னி காபி போட உள்ளே போயிருந்தாள். அவள் வருவதற்குள் வேலையை முடித்து அசத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட லோரன், டிரில்லிங் மெஷினை எடுத்தான். மரத்தில் போடத்தான் குனிந்தான். ஆனால் மனசுக்குள் அந்த ஒற்றைத் தம்ளர் வந்து நின்றது. கை கொஞ்சம் கீழே இறங்கியது...

உஸ்ஸ்ஸ்ஸ்...

பெரிய சத்தமெல்லாம் இல்லை. தூங்கும் பூனை பெருமூச்சு விட்ட மாதிரி. அவ்வளவுதான். பெட்டியின் உயிர் போய்விட்டது.

லோரன் அதன் முன் மண்டியிட்டான். "என்னை மன்னிச்சுடும்மா... தெரியாம பண்ணிட்டேன்... அவகிட்ட மட்டும் சொல்லிடாதே," என்று பெட்டியிடமே கெஞ்சினான். வாயில் இருந்த சூயிங்கத்தை எடுத்துத் துளையில் அப்பினான். மேலே வெள்ளைப் பெயின்ட்டும் தடவினான்.

மார்னி காபியோடு வந்தாள். "என்ன, முகம் வெளுத்திருக்கு?"

"பெயின்ட்டுங்க."

சொல்லியிருக்கலாம். ஆனால் பனி வண்டியின் பிளேடு கண்முன் வந்தது. அதைவிட மோசமாக, அவள் இல்லாத சனிக்கிழமைகள் கண்முன் வந்தன.

*

மறுநாள் விடியற்காலையிலிருந்து லோரன் ஐஸ் சுமக்க ஆரம்பித்தான். துறைக் கொட்டகையிலிருந்து ஒரு மூட்டை. ஷெட்டின் பக்கக் கதவைத் திறந்து, பீப்பாய்களைச் சுற்றிக் கொட்டி, மூடியைச் சாத்திவிட்டுத் துறைக்கு ஓடுவான். பெட்டியோ இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது. வேலை செய்யாதவன்தான் சத்தம் அதிகமாகப் போடுவான். அதைக் கேட்டு, "என்ன சுறுசுறுப்பு!" என்று மார்னி பெட்டியைத் தட்டிக் கொடுப்பாள்.

இரண்டாம் நாளே எமெரியிடம் மாட்டிக்கொண்டான்.

"தம்பி, மூட்டையில என்ன?"

"அழுக்குத் துணிங்க ஐயா. எங்க வீட்டு வாஷிங் மெஷின் ரிப்பேரு. உங்க ஷெட்டுல ஒண்ணு இருக்கேன்னு..."

"துணி ஏன் சொட்டுது?"

"ஊற வெச்சே எடுத்துட்டு வந்துட்டேன்."

எமெரி தலையாட்டினார். அன்று மாலை சீட்டாட்டத்தில், அந்த ப்ரிபில் வீட்டுப் பையன் தினமும் ஒரு மூட்டை துணி மாற்றுகிறான், ராஜ வம்சமாக இருக்குமோ என்று கேட்டார். ஊர் முழுக்க அது பரவியது.

லோரனுக்கு வேறு ஒரு கவலை. அவ்வளவு கனத்த சுவர் உள்ள பெட்டியில் ஐஸ் இரண்டு மூன்று நாளாவது தாங்க வேண்டும். காலையில் வந்து பார்த்தால் பாதியைக் காணோம். உருகியிருந்தால் தண்ணீராவது இருக்க வேண்டுமே! அதுவும் இல்லை. யோசித்து யோசித்து, இந்த ஷெட்டில் ஐஸ் தண்ணீராகாமல் நேரே ஆவியாகிவிடுகிறது என்று முடிவு கட்டினான். காதல் வந்தவனின் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

ஊரிலும் விசித்திரம் நடந்தது. எமெரியின் தக்காளிச் செடிகள் ஆகஸ்ட் வெயிலில் உறைபனி தாக்கிக் கருகின. பக்கத்து வீட்டுத் தக்காளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எமெரி உள்ளூர் வானொலிக்கே போன் போட்டுத் திட்டினார். "என் தோட்டத்துக்கு மட்டும் தனி வானிலை சொல்லுங்கய்யா!"

நாளாக நாளாக லோரன் காலையில் கிளம்பும்போதெல்லாம் சரியாக மார்னி காபியோடு எதிரே வந்தாள். கலைந்த தலைமுடி, அப்பாவின் பழைய ஸ்வெட்டர், அந்த ஏரி நிறக் கண்கள்... "இவ்வளவு காலையில என்ன வேலை?" என்பாள். "சட்டத்தைத் தேய்க்கணும்," என்பான். தேய்த்துத் தேய்த்து மரச்சட்டம் கண்ணாடியாகிவிட்டது. அதில் பார்த்து எமெரி முகச் சவரம் செய்துகொண்டார்.

*

கெர்மிஸ் ஞாயிறு. விடியும்போதே மழை. லோரன் கொட்டகைக்குப் போனான். முதலாளி வாசலில் நின்றார்.

"இன்னிக்கு மீன்பிடிப் போட்டிடா லோரன். ஒரு கட்டிகூடக் கிடையாது. எல்லாம் படகுக்குப் போயாச்சு."

லோரன் வெறுங்கையோடு மழையில் நின்றான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே அந்த ஷெட்டில் தம்ளரை நீட்டும். வெதுவெதுப்பான பீர் வரும். பூயா என்கிற கோழிச் சூப்பும் சூடு, பீரும் சூடு. மார்னி டெல்ஃபோஸின் பெயர் அடுத்த கெர்மிஸ் வரை சந்தி சிரிக்கும்... ஓடிப்போய்விடலாமா? அவன் கால்கள் ஒருமுறை துறைப் பக்கம் திரும்பின. பிறகு அவையே வெட்கப்பட்டு அவள் வீட்டுப் பக்கம் திரும்பின.

ஷெட் வாசலில் எமெரி பெரிய அண்டாவில் பூயா கிண்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்குத் துணி இல்லையா தம்பி?" என்றார்.

லோரன் நேராக உள்ளே போனான். மார்னி நீலச் சட்டை போட்டுக்கொண்டு குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மார்னி... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். கன்னத்தில் லேசாக ஒரு சிவப்பு. "சொல்லுங்க..."

"பெட்டியைக் கொன்னது நான்தான்."

மார்னி துணியைக் கீழே வைத்தாள்.

"சுவத்துல துளை போட்டேன். அன்னிலேருந்து அது செத்துக் கிடக்கு. தினமும் ஐஸ் கொண்டு வந்து போட்டு ஏமாத்திட்டேன். இன்னிக்கு ஐஸ் கிடைக்கலை. உங்க பேரு கெடப் போகுது. வர்றவங்ககிட்ட நானே சொல்றேன், தப்பு என்னோடதுன்னு. சொல்லிட்டு... வண்டியைக் கொண்டு வாங்க. நானே பிளேடு முன்னாடி நின்னுக்குறேன்."

மார்னி பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே விளிம்பு வரைக்கும் ஐஸ்! நான்கு பீப்பாய்களும் கழுத்து வரை புதைந்து, குளிரில் வெளுத்து நின்றன.

"இது... எப்படி?"

"நேத்து நான் ஐஸை எடுக்கலை. அதான்."

லோரனுக்குப் புரிய நேரமானது. ஏரியில் ஓர் அலை கரைக்கு வந்து திரும்பிப் போகிற நேரம்.

"நீங்களா எடுத்தீங்க? தினமுமா?"

"வாளி வாளியா அள்ளித் தோட்டத்துல கொட்டினேன். தண்ணியையும் சேர்த்து. இல்லேன்னா நீ ரெண்டு நாளைக்கு ஒருக்காதானே வருவே?" 'நீங்க' எங்கே போயிற்று என்று இருவருக்குமே தெரியவில்லை.

"அப்போ... துளை?"

"நான் காபியோட கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். ஒரு ஆம்பளை ஃப்ரீசர் முன்னாடி முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டதை அன்னிக்குத்தான் பார்த்தேன்."

"மறைக்கிறவங்களைப் பிடிக்காதுன்னு சொன்னியே..."

"பிடிக்காதுதான். நீயா சொல்லுவேன்னு தினமும் காலையில காபி போட்டுட்டு வந்து நின்னேன். சட்டத்தைத் தேய்க்கணும்னே! மூஞ்சியிலயே அடிக்கலாமான்னு இருந்துச்சு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா அந்த ஆளு தண்ணி ஊத்தி மறைச்சான். நீ முதுகுல சுமந்து மறைச்சே. தினமும் அந்த மூட்டைக்குக் கீழே நீ குனிஞ்சு வர்றதை ஜன்னல்ல பார்ப்பேன்... இன்னிக்கு நீ வரமாட்டியோன்னு விடிஞ்சதுலேருந்து எனக்கு உயிரே இல்லை லோரன்."

"நான் ஒரு நாளும் பீருக்காக வரலை," என்றான்.

"தெரியும்."

"உன்னைப் பார்க்கத்தான்..."

"அதையும் இன்னிக்குத்தான் சொல்றே."

கதவோரம் ஒரு கரண்டி தரையில் விழுந்தது. எமெரி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் மூன்று வாரத் துக்கம்.

"அப்போ என் தக்காளி?" என்றார்.

"அப்பா, நீங்க போய் பூயாவைக் கிண்டுங்க!"

"வானொலிக்காரனை நான் என்னென்ன கேட்டிருக்கேன் தெரியுமா!" என்று புலம்பிக்கொண்டே அவர் போனார்.

வெளியே மழையோடு ஊர் வந்துகொண்டிருந்தது. குடைகள், சிரிப்பு, தம்ளர்கள் உரசும் சத்தம். மார்னி முதல் தம்ளரை நிரப்பி அவனிடம் நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு அவளிடமே கொடுத்தான். பல் கூசும் குளிர்.

"நாளைக்கே ஆள் வெச்சுப் பெட்டியைச் சரி பண்ணிடலாம்," என்றான் லோரன். பிறகு முகம் விழுந்தது. "சரியாயிட்டா... காலையில நான் என்ன காரணம் சொல்லிட்டு வர்றது?"

மார்னி தம்ளரின் விளிம்புக்கு மேலே அவனைப் பார்த்தாள். அந்தக் கண்களில் மழை நின்றிருந்தது.

"எதுக்குடா வரணும்?" என்றாள். "போனாத்தானே வர்றதுக்கு..."