குபாத் வெட்டிய மௌனம்

மினிபஸ் குலுங்கி நின்றதில் பக்கத்தில் நின்றவனின் தோள்பை, பெகாயிமின் கோமுஸ் பெட்டியில் 'டொக்'கென்று இடித்தது.

“பைகே, பாத்து நில்லுங்க. இந்த வாத்தியத்துல மொத்தமே மூணு கம்பிதான். அதையும் அறுத்துடாதீங்க.”

“பைகேயா? அண்ணன்னு கூப்பிடற அளவுக்கா எனக்கு வயசாயிடுச்சு?”

“மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் தெரியுது.”

அவன் திரும்பினான். மழையில் நனைந்த நெற்றி... அதன் கீழே, சிரிப்பை மறைக்கத் தெரியாத இரண்டு கண்கள். பெகாயிம் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிஷ்கெக் நகரத் தெருவெங்கும் லைலாக் பூத்துக் கிடந்தது. ஒரு பூகூட அவள் கண்ணில் படவில்லை.

இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரே வாசலில் நுழைந்தார்கள். அவள் தேடி வந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் எடிட்டர் குபாத் அவன்தான் என்று தெரிந்ததும், பேசிய பேச்சையெல்லாம் திரும்ப விழுங்கிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

பாட்டை அவளே வீட்டில் பதிவு செய்திருந்தாள். கோமுஸ், துணைக்குரல், குரல் என்று ஒவ்வொன்றையும் தனி டிராக்கில் பிடித்து அடுக்கும் மென்பொருளில். ஆனால் குரலில் ஒட்டியிருந்த இரைச்சலைத் துடைக்க அது லாயக்கில்லை. ஒலியை அலை அலையாக விரித்துக் காட்டும் வேறொரு மென்பொருள் வேண்டும். அதில் குபாத் கைதேர்ந்தவன்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பாட்டு வானொலிக்குப் போய்விட வேண்டும். வங்கி வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். இதுவும் கைநழுவினால் மறுபடி அந்த வங்கிக்குத்தான் போக வேண்டும். குரலின் ஒரே பதிவு இருந்த பென்டிரைவை நீட்டினாள். ஒரு நகல் எடுத்து வைக்கலாமே என்று அந்தக் கண்களுக்கு எதிரே தோன்றவே இல்லை... பாவம்.

வெள்ளிக்கிழமை காலை, அவன் திருத்தித் தந்த குரலைக் கூடத்திலேயே தன் மடிக்கணினியில் கோமுஸோடு சேர்த்து ஓடவிட்டாள். கோமுஸ் தொடங்கும்போதே குரலும் முந்திக்கொண்டு பாடியது.

“என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?”

“இரைச்சலை எடுத்தேன். சுத்தமா இருக்கே.”

“சுத்தமாத்தான் இருக்கு. குரலுக்கு முன்னாடி இருந்த மௌனத்தையும் சேத்து வெட்டிட்டீங்க. கோமுஸ் தனியா வாசிச்சு முடியற வரைக்கும் குரல் காத்திருக்கணும். அந்த வெறும் இடத்தை வெச்சுத்தான் குரல் எங்க சேரணும்னு கணக்கு.”

குபாத்தின் முகம் வெளுத்தது. பழைய கோப்பின் மேலேயே சேமித்திருந்தான். ஆனாலும் வீம்பு விடவில்லை.

“முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“இதைக்கூடவா சொல்லணும்? எடிட்டர்தானே நீங்க?”

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மழைச்சாரல் படாத படியில் உட்கார்ந்தாள். குரலை முன்னே நகர்த்தினாள், பின்னே நகர்த்தினாள். தாளக்கட்டுக்கு அடங்காத பாட்டு. இங்கே சேர்ந்தால் அங்கே இடறியது. திரை கண்ணீரில் மங்கியது.

பக்கத்தில் ஒரு தேநீர்க் கிண்ணம் வந்து அமர்ந்தது. அதற்குப் பின்னால் அவனும்.

“தப்பு என்னுதுதான். உள்ளயே ஒத்துக்கிட்டிருக்கணும்... வாய் வரல. நீங்க கோமுஸ் கூடவே மெதுவாப் பாடுங்க. எங்க மூச்சு எடுக்கறீங்கன்னு பாத்து நான் நகர்த்தறேன்.”

அவள் பாடினாள். அவன் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை தாங்காமல் இரண்டு தடவை வரியை மறந்தாள். மதியத்துக்கு மேல், கோமுஸின் தனி வாசிப்பு முடிந்து ஓய்ந்த இடத்தில் குரல் அலுங்காமல் வந்து அமர்ந்தது. அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். பாட்டு போய்விட்டது.

“இத்தனை வருஷம் இந்த வேலை செய்யறீங்க. இந்தத் தப்பு எப்படி வந்துச்சு?”

அவன் காது சிவந்தது.

“சுத்தம் பண்ண ரெண்டு தரம் கேட்டாப் போதும். நான் ராத்திரி பகலா கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தரமும் அந்த மௌனம் முடியற வரைக்கும் பொறுக்க முடியல... உங்க குரல் உடனே வேணும்னு வெட்டிட்டேன். சேமிக்கறப்ப அது ஞாபகமே வரல. பெகாயிம்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

மழை மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கிண்ணத்தில் ஆறிப்போன தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

“எனக்கும்தான்,” என்றாள். “அடுத்த பாட்டை உங்க முன்னாடி உக்காந்தே பாடறேன். ஒண்ணும் வெட்ட வேண்டியிருக்காது.”