பின்வாசல் விளக்கு

அஞ்சுகத்தின் விரல்கள் பச்சையாக மின்னின. பின்வாசல் கதவு பட்டென்று அடைத்துக்கொண்டது.

“மறுபடியுமாக்கா?” என்றான் காவலாளி டேவிட், பாவமாக.

கதவோரம் இருந்த விளக்கின் பெயர் புழுக்காட்டி. உருண்டைப் புழுவின் முட்டை கண்ணுக்குத் தெரியாது, சோப்புக்கும் லேசில் மசியாது. புழுக்காட்டியின் ஒளி பட்டால் மட்டும் தோலில் பச்சையாக மின்னும். மின்னியவருக்குக் கதவு திறக்காது. இதை மரகதச்சோலைக் குடியிருப்புச் சங்கம் வேலைக்காரர்கள் நுழையும் பின்வாசலில் மட்டும்தான் வைத்திருந்தது. முன்வாசலில் காரில் போகிறவர்களிடம் புழு ஒட்டாது போலும்!

அஞ்சுகம் கதவைத் தட்டிக் கத்தினாள். போன மாதம்தான் கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “ரக்கூன் எச்சத்துல இருக்கிற புழும்மா. உன் பொண்ணுக்கு இடது கண்ணுக்குள்ள போயிடுச்சு. அதுல பார்வை திரும்பாது. முட்டை எங்கேர்ந்து வருதுன்னு பார்த்து நிறுத்து. இன்னொரு கண்ணையாவது காப்பாத்தணும்.”

எங்கேயிருந்து வருகிறதென்று அவளுக்குத் தெரியாதா? கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வளையம் வளையமாக வாலும் உள்ள அந்த அமெரிக்கக் காட்டு விலங்கை, மரபணு திருத்திப் புழுவே அண்டாத ‘துப்புரவு ரக்கூன்’ என்று மரகதச்சோலைக்கு விற்றிருந்தார்கள். வீட்டுக் குப்பை முழுவதையும் தின்றுவிடும், லாரியே வேண்டாம். எல்லாம் ஒரே இடத்தில்தான் எச்சமிடும். சங்கத்தார் அதையும் விட்டுவைக்கவில்லை. மண்ணில் கலந்து, இயற்கை உரம் என்று மொட்டைமாடிக் கீரைத் தொட்டிகளில் போட்டார்கள். கலந்தது யார்? அஞ்சுகம்தான், வெறுங்கையால். பெரிய மனதோடு ஒரு பையை அவளுக்கும் கொடுத்தனுப்பினார்கள். அந்த மண்ணில்தான் அவள் மகள் நிலானி சொப்பு வைத்து விளையாடினாள்.

கூச்சல் கேட்டுச் சங்கச் செயலாளர் ரகோத்தமன் வந்தார்.

“உங்க தெருவுலேர்ந்து கொண்டுவந்துட்டு இங்க சத்தம் போடறியா? எங்க ரக்கூனுக்கெல்லாம் சர்டிபிகேட் இருக்கு.”

“எங்க தெருவுல ரக்கூன் ஏது சார்? இந்த லைட்ட ஒரு நாளு முன்வாசல்ல வச்சுப் பாருங்களேன்!”

“குடியிருக்கறவங்களை நிக்கவெச்சு செக் பண்றதா? அவமானமா இல்ல?”

“எங்க கைய தெனம் நீட்டச் சொல்றீங்களே, அது அவமானம் இல்லியா?”

“இந்தக் கதவு என் பேச்சையே கேக்காதும்மா. கை சுத்தமாகற வரைக்கும் வேலைக்கு வராதே.”

அஞ்சுகம் விடவில்லை. தினமும் மாலையில் வந்து பின்வாசலில் நின்று, உள்ளே நடைப்பயிற்சி செய்கிறவர்களிடமெல்லாம் அதையே கேட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் ஒரு மாலை பேய்மழை கொட்டியது. முன்வாசல் சாலையில் இடுப்பளவு தண்ணீர். வேறு வழியில்லாமல் குடியிருப்பவர்கள் காரை மேட்டில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அஞ்சுகம் நின்றிருந்த பின்வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்த வங்கி அதிகாரியின் மணிக்கட்டு பச்சையாக மின்னியது. கதவு அடைத்துக்கொண்டது. அடுத்து வந்த அம்மாளுக்குக் கழுத்து. அதற்கடுத்தவருக்குத் தாடி முழுவதும்.

“மெஷின் ரிப்பேர்!” என்று கத்திக்கொண்டே பேரன் ஆத்ரேயனைத் தூக்கியபடி ரகோத்தமன் முன்னால் வந்தார். தாத்தாவோடு கீரைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவனுக்குத் தினசரி விளையாட்டு. ஒளி விழுந்ததும் குழந்தையின் உதடுகளைச் சுற்றிப் பச்சை வட்டம் மின்னியது.

கூட்டம் நாலடி பின்வாங்கியது.

அஞ்சுகத்தின் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. “ஐயோ சார், புள்ள வாய்க்குள்ள போயிருக்கும். என் பொண்ணுக்கும் இப்புடித்தான் ஆச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுங்க!”

ரகோத்தமன் அவளைப் பார்க்கவில்லை. தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தாரைத்தான் பார்த்தார். “டேவிட், லைட்டை அணை!”

“அது யாரு பேச்சையும் கேக்காதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“லைட்ட அணைச்சா முட்டை செத்துருமா சார்?” என்று அலறினாள் அஞ்சுகம்.

அவர் குடைக்காம்பால் ஓங்கி அடித்தார். கண்ணாடி நொறுங்கியது. விளக்கு செத்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது.

பச்சை மறைந்துவிட்டது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. “அப்பாடா” என்றபடி ஒவ்வொருவராக உள்ளே நடந்தார்கள். தாத்தாவின் தோளில் சாய்ந்திருந்த ஆத்ரேயன், தூக்கக் கலக்கத்தில் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கினான்.