ஒரு கை குடுங்க

சேறு வெதுவெதுப்பாக இருந்தது.

காலையிலிருந்து கொட்டித் தீர்த்த மழை அவள் பிடரி வழியே இறங்கும்போதெல்லாம் உடம்பு வெடவெடத்தது. இலைகளிலிருந்து சொட்டிய நீரும் ஐஸ்போலத்தான் விழுந்தது. காலணியின் விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்த அந்தக் கறுப்புச் சேறு மட்டும் காய்ச்சல்காரனின் உள்ளங்கையைத் தொட்டதுபோல் இருந்தது. அந்தச் சூடு அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். யார் யாருடைய கையையோ காலையோ பிடித்துத் திருப்பி, வலிக்காமல் மேசைமேல் வைப்பதுதான் நாள் முழுக்க அவள் வேலை.

"டேய், இந்தச் சேறு ஏன்டா சுடுது?"

முன்னால் போன தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இலையெல்லாம் மக்குதுல்லக்கா, சூடாத்தான் இருக்கும். ரொம்ப யோசிக்காம வா."

அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் இறங்கி, மூக்குக்கு நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு கிரீஸில் புரள்கிறவன். அதனாலேயோ என்னவோ, லீவு கிடைத்தால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒன்றுமே இல்லாத இடமாகத் தேடிப் போவான். காட்டைத் தாண்டி மேட்டில் ஏறினால் முழுக் கடலும் தெரியும் என்று விடுதியில் யாரோ சொல்லிவிட்டார்கள். மழை விட்டதும் விடாததுமாக அவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். அவன் கேட்டு அவள் மாட்டேன் என்று சொன்னதே இல்லை.

பாதை ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வெளிச்சத்தை வடிகட்டி வடிகட்டி, பிற்பகலையே பாசி நிறமாக்கியிருந்தன. உப்பு வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, நாள்பட்ட புண்ணின் கட்டைப் பிரிக்கும்போது வருமே, அந்த வாடை. பறவைச் சத்தம் இல்லை. பூச்சிகளின் இரைச்சல்கூட இல்லை. கடலின் ஓசை மட்டும் வந்து வந்து போனது.

"கேட்டியா? கிட்ட வந்துட்டோம்" என்றான் தம்பி.

அவள் கேட்டாள். ஒரு அலை பெரிதாக வரும், ஒன்று சிறிதாக வரும், சில நேரம் இரண்டு சேர்ந்தாற்போல வரும். அலை அப்படித்தான். இந்த ஓசை அப்படியில்லை. ஒரே அளவாக ஏறியது, ஒரே அளவாக இறங்கியது. அதுவும் முன்னாலிருந்து வரவில்லை. காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

அடுத்த அடி எடுத்தாள். கால் வரவில்லை. இழுத்தாள். கீழேயிருந்து, அவசரமே இல்லாமல், ஏதோ பதிலுக்கு இழுத்தது.

அவள் போட்ட கூச்சலில் அவன் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். கால் வந்தது, காலணி வரவில்லை. "வேர்ல மாட்டியிருக்கும்" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கெண்டைக்காலில் சேற்றை வழித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் நான்கு சிவந்த தடங்கள், மறுபக்கம் ஒன்று, சற்றுத் தடிமனாக.

"திரும்பிடலாம்டா."

"இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"திரும்பிடலாம்னு சொல்றேன்ல!"

அவள் குரல் அப்படி உடைந்து அவன் கேட்டதில்லை. சிரிப்பு நின்றது. "சரி, சரி. போலாம் வா" என்றான்.

அப்போதுதான் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"தம்பி, ஒரு கை குடுங்க."

அவர்கள் சற்றுமுன் நடந்து வந்த அதே பாதை. நட்ட நடுவில், மார்புவரை புதைந்து ஓர் ஆள். மஞ்சள் மழைக்கோட்டு, வழுக்கைத் தலை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கேட்கிறவர்போலச் சாந்தமான முகம்.

"ஐயோ, எப்ப சார் விழுந்தீங்க?" தம்பி பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான்.

"டேய், நில்லு!"

மழைத்துளிகள் அந்த ஆளின் திறந்த விழிகளிலேயே விழுந்துகொண்டிருந்தன. அவன் இமைக்கவில்லை. அதை அவள் பார்த்தாள். சொல்ல வாயெடுப்பதற்குள் தம்பி மண்டியிட்டு இடது கையை நீட்டிவிட்டான்.

அந்த ஆள் பிடித்துக்கொண்டான். இழுத்தான்.

தோள்மூட்டு கழன்ற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. தம்பி முகம் குப்புறச் சேற்றில் விழுந்தான். தலையைத் தூக்கினான். அலறினான். அந்த ஆளின் முகத்தில் மாற்றமே இல்லை. "ஒரு கை குடுங்க" என்றான் மறுபடி, அதே மரியாதையோடு. பேசும்போது வாயிலிருந்து சேறு வழிந்தது.

அவள் பாய்ந்தாள். கையில் அகப்பட்ட கல்லால் அந்த விரல்களை அடித்தாள். சுண்டுவிரல் முறிந்தது. மோதிரவிரல் முறிந்தது. முறிந்த விரல்கள் முறிந்தபடியே இறுகின. தலையில் அடித்தாள். மண்டை பானைபோல உள்வாங்கியது. உள்ளே ரத்தம் இல்லை. வேர்கள். ஈரமான, மெல்லிய வேர்கள், நெளிந்துகொண்டு.

தம்பியின் முழங்கை உள்ளே போயிருந்தது. பிறகு மேல்கை. கன்னம் சேற்றைத் தொட்டது. சேற்றுக்கு அடியில் வேறு கைகள் அவன் இடுப்பைத் தடவித் தேடுவதை, மேற்பரப்பு புடைத்துப் புடைத்து அடங்குவதை, அவள் பார்த்தாள்.

"அக்கா... பாக்கெட்ல கத்தி... எடு."

எடுத்தாள். அவன் கம்பி சீவும் மடக்குக் கத்தி. அவன் சட்டைக் காலரைப் பல்லால் கவ்வி, இரண்டு குதிகால்களையும் ஒரு பாறையில் முட்டுக்கொடுத்து, பின்னால் சரிந்து இழுத்தாள். அவன் கை மணிக்கட்டுவரை வெளியே வந்தது. அதற்குமேல் வரவில்லை.

அந்த ஆளின் கையை அறுத்தாள். அறுபட்ட இடம் உடனே மூடிக்கொண்டது. மறுபடி அறுத்தாள். மூடிக்கொண்டது.

"அது வேணாம்." தம்பியின் உதடுகள் வெளுத்திருந்தன. "என்னோடத அறு."

"வாய மூடு."

"அக்கா! பிடிச்சு இழுக்குதுக்கா! அறு!"

மணிக்கட்டில் எலும்புகளுக்கு நடுவே கத்தி நுழையும் இடம் எது என்று அவளுக்குத் தெரியும். தெரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பெல்ட்டை உருவி முன்கையில் இறுக்கினாள். கண்ணை மூடவில்லை. மூடினால் தப்பாகிவிடும். தோல். நரம்பு. ஒரு முறுக்கு. அவன் கத்தினான். பிறகு கத்தவில்லை. சூடான ரத்தம் அவள் மூக்கிலும் வாயிலும் பீச்சியடித்தது. இன்னொரு முறுக்கு.

விடுபட்டான்.

அந்த ஆள் தனக்குக் கிடைத்த கையைப் பார்த்தான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்ல உள்ளே இறங்கிப்போனான். மேலே ஒரே ஒரு குமிழி வந்து உடைந்தது.

திரும்பும் வழி அந்தச் சேற்றின் மேல்தான். மிச்சமிருந்தது மேடு மட்டும். தன் ஸ்கார்ஃபால் வெட்டுவாயை இறுகக் கட்டி, அவனை முதுகில் சாய்த்து, வேர்களைப் பிடிக்காமல் பாறைகளை மட்டும் பற்றி ஏறினாள். காலில் முள் ஏறியது. நகம் பிய்ந்தது. "தூங்காதடா. என்கூடப் பேசு. டேய், பேசு." அவன் முனகினான். முனகுகிறான் என்பதே போதுமாக இருந்தது.

சட்டென்று காடு முடிந்தது.

காற்று வந்து முகத்தில் அடித்தது. புல்தரை, ஒரு மரபெஞ்சு, இரும்புத் தடுப்பு. அப்பால் கடல். மேகம் கிழிந்து வெயில் சாய்ந்திருந்த கடல், அவன் ஆசைப்பட்டதுபோலவே, எல்லையே இல்லாமல். அலைகள் பெரிதும் சிறிதுமாகத் தாறுமாறாக வந்து மோதின. அந்தத் தாறுமாறைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வெடித்தது.

"பாருடா. வந்துட்டோம். பாரு."

அவனைப் பெஞ்சில் சாய்த்துவிட்டுத் தடுப்புக்கு ஓடினாள். கீழே, கரைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மீன்பிடிப் படகு. இரண்டு கைகளையும் வீசிக் கத்தினாள். "இங்க! மேல பாருங்க! காப்பாத்துங்க!"

படகுக்காரர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்துக் கையை அசைத்தார். அவளுக்கு உயிர் வந்தது. அவர் எதையோ கத்தினார், காற்று அதைக் கொண்டுபோயிற்று. மறுபடி கை அசைத்தார். அழைக்கும் அசைவு அல்ல அது. விலகு, விலகு என்று தள்ளும் அசைவு. பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் சுட்டிக்காட்டினார். சுட்டிக்காட்டிவிட்டு, எஞ்சினை முடுக்கி, படகைத் திருப்பிக்கொண்டு கடலுக்குள் போனார்.

அவள் திரும்பினாள்.

தம்பி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஸ்கார்ஃப் அவிழ்ந்து காலடியில் கிடந்தது. மணிக்கட்டிலிருந்து ஒரு கை முளைத்திருந்தது. கறுப்பாக, பளபளப்பாக, நகம் ரேகை எல்லாம் கச்சிதமாக, புத்தம்புதிதாக. அது அவன் தொண்டையைப் பிடித்திருந்தது. வலது கையால் அதைப் பிய்க்கப் பார்த்தான். அவன் பலமெல்லாம் அந்த ஒரு கையில் திரண்டு நின்றது. நரம்புகள் புடைத்தன. கறுப்பு விரல்கள் ஒவ்வொன்றாக, நிதானமாக, அவன் உதடுகளுக்கு ஏறி, பற்களை விலக்கி, உள்ளே இறங்க ஆரம்பித்தன.

அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளை அல்ல, அவள் கையை. கத்தி இன்னும் அதில்தான் இருந்தது. இந்த முறை எங்கே அறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.