தூங்குமூஞ்சி இல்லாத பக்கம்

என்னை வீட்டில் எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்கத்திலும் பேசுகிறேனாம். எங்கள் நாய் தூங்குமூஞ்சி எனக்கு நேர்மாறு. நான் எவ்வளவு கத்தினாலும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

போன மழைக்காலத்தில் அது செத்துப்போனது. அம்மா அழவில்லை. உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். தூங்குமூஞ்சி ஒரு படப்புத்தகம் ஆனது. கதையை அம்மாவே வாசித்தார், அப்பா பதிவு செய்தார். ஒலிப்பதிவுதான் அப்பாவின் வேலை. பதிவில் 'டிங்' என்று மணி அடித்தால் பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

இன்று புத்தகக் கடையில் வெளியீட்டு விழா. வெளியே அடைமழை. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பதிப்பாளர் மாமா முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அம்மாவின் பழைய புத்தகங்கள் விற்காமல் இன்னும் அவருடைய கிடங்கில்தான் கிடக்கின்றன.

"பிள்ளைங்களுக்குப் பிடிச்சாத்தான் அடுத்த புத்தகத்தைப் பத்திப் பேச முடியும்மா" என்றார்.

அம்மா என் காதில், "இதுவும் எடுபடலைன்னா இனிமே நான் வரையப் போறதில்லடி" என்றார். அம்மா விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொன்னதில்லை.

அப்பா பதிவை ஓடவிட்டார். பிள்ளைகள் மடியில் புத்தகத்தை விரித்திருந்தார்கள். தூங்குமூஞ்சி அப்பாவின் செருப்பின் மேல் தூங்கியது. டிங். மாடிப்படியில் தூங்கியது. டிங். அடுத்த பக்கத்தில் அது படுக்கும் சாக்கு மட்டும் இருந்தது. நாய் இல்லை, ஓர் எழுத்தும் இல்லை.

ஆனால் அம்மாவின் குரல் நிற்கவில்லை. "அதன் கிண்ணத்தில் மழைத்தண்ணீர் நிரம்பியது" என்றது.

"கிண்ணம் எங்க?" என்று கேட்டான், முன்பல் விழுந்த ஒரு பையன். "ஆன்ட்டி வேற புத்தகத்தைப் படிக்கிறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா எழுந்து அலமாரிக்குப் பின்னால் போய்விட்டார்.

அப்பா பதறிப்போய்ப் பதிவை நிறுத்தினார். "ரெண்டு மணி அடுத்தடுத்து இருந்துச்சு. நடுவுல பேச்சே இல்ல. தெரியாம விழுந்த மணின்னு நெனச்சு நான்தான் ஒண்ணை வெட்டிட்டேன். அது இந்தச் சாக்குப் பக்கத்தைப் புரட்டுற மணி."

"அம்மாகிட்ட கேட்டிருக்கலாமேப்பா?"

"உங்கம்மாகிட்ட தூங்குமூஞ்சியைப் பத்தி எப்படிம்மா கேக்கறது?"

அது எனக்கும் தெரியும். வீட்டில் யாருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நான்கூட எடுத்ததில்லை.

"முதல்லேர்ந்து போடுங்கப்பா. நான் கையைத் தூக்கினா நிறுத்திடுங்க, இறக்கினா மறுபடி போடுங்க" என்றேன்.

போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். செருப்பு வந்தது, மாடிப்படி வந்தது. சாக்கு வந்ததும் கையைத் தூக்கினேன். சத்தம் நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஏதாவது சொல்லும்மா" என்று கிசுகிசுத்தார் பதிப்பாளர் மாமா.

என் நாக்கு துடியாய்த் துடித்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

பல் விழுந்த பையன் படத்திலிருந்த சாக்கைத் தடவிப் பார்த்தான்.

"நாய் எங்க?"

அவன் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தான்.

"இனிமே வராதா?"

"வராதுப்பா" என்றது அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அவன் சாக்கிலிருந்து கையை எடுத்தான். "எங்க பூனையும் வரல" என்றான். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டான்.

அம்மா வந்து அங்கே உட்கார்ந்தார். அவருடைய கண் சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, எங்க பூனையை வரைஞ்சு தருவீங்களா? எங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்ல."

அம்மா அவன் மடியிலிருந்த சாக்குப் படத்தைப் பார்த்தார்.

"அது எப்படித் தூங்கும்?" என்று கேட்டார் அம்மா.

"எங்க தூங்கும்! எப்பப் பாரு கத்திக்கிட்டே இருக்கும்."

"அப்படி ஒண்ணு எங்க வீட்லயும் இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, அம்மா பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

பிள்ளைகள் சுற்றி நெருங்கிவந்து உட்கார்ந்தார்கள். தூக்கிய என் கை வலித்தது. ஆனாலும் நான் இறக்கவில்லை.