டயலின் முள்

பரீதா வந்த ஆட்டோவின் பக்கவாட்டில் ஓர் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. றிக்சன் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டான். தன் கையால் கடைந்த சாஃப்ட் தனக்குத் தெரியாமல் போகுமா?

திருகோணமலை உள்துறைமுக வீதியில் அன்ஸாரின் லேத் பட்டறை. அங்கே வேலை செய்யும் றிக்சனுக்குக் கையைவிட வாய் கொஞ்சம் நீளம். கிண்ணியா மீனவர் கலீலுர் றஹ்மான் தன் வள்ளத்தின் விசிறியைச் சுழற்றும் இந்தச் சாஃப்டைக் கடைய வைத்தபோது பக்கத்திலேயே நின்றார். தண்டை லேத்தின் சுழல்பிடியான சக்கில் இறுக்கியதும் அதன்மேல் அளவு பார்க்கும் டயலை முட்டவைத்து, சக்கைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். மையம் சரியென்றால் டயலின் முள் அசையாது. அன்று அசைந்தது.

“தம்பி, இன்னொருக்காச் சுத்திப் பாக்கட்டா?” என்று அவர் சக்கில் கை வைத்தார்.

“எனக்குப் படிப்பிக்க வேணாம் நானா.” றிக்சன் டயலைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, அப்படியே கடைந்து கொடுத்தான்.

அந்தச் சாஃப்ட் ஓட ஓட உதறி, வள்ளத்தின் பின்னால் தான் நுழைந்த துவாரத்தைப் பெருப்பித்து, ஒரு நாள் கடலை உள்ளே விட்டது. அவருடைய உடல் குச்சவெளியில் கரையொதுங்கியது. மனுசன் வள்ளத்தைக் கவனிக்கவில்லை என்று துறையில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். றிக்சனும் கூடச் சேர்ந்து தலையாட்டினான்.

கணவன் கலீலுர் றஹ்மானுக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடித்து, இப்போதுதான் பரீதா வெளியே வந்திருக்கிறாள். வள்ளத்தை மீட்டுத் திருத்தியாயிற்று, நாளைக்கு மகன் அஸ்ஹான் கடலுக்குப் போகிறான், இதை ஒருதரம் பார்த்துத் தந்தால் போதும் என்றாள். ஜும்ஆத் தொழுகை முடிய வருவதாகச் சொல்லிப் போனாள்.

அன்ஸார் பள்ளிவாசலுக்குப் போனதும் வீதி வெறிச்சோடியது. றிக்சன் தண்டைச் சக்கில் இறுக்கி, டயலைப் பொருத்தினான். அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தகரக் கூரை வெயிலில் முறுகும் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணெய் வாடைக்குள் ஈரக் கடற்பாசியின் வாடை கலந்து வந்தது.

சக் சுற்றியது.

யாரும் தொடவில்லை. ஆனாலும் பொறுமையான ஒரு கை சுற்றுவதுபோல் மெல்ல மெல்லச் சுற்றியது.

முள் அசைந்தது.

மேடான பக்கம் அவனுக்கு நேராக வந்ததும் சக் நின்றது.

காத்திருந்தது.

றிக்சன் சக்கின் எதிர்த் தாடையை இளக்கி, இந்தப் பக்கத்தை இறுக்கினான். மறுபடி சுற்றியது. மறுபடி நின்றது. முள் அசையாமல் நிற்கும்வரை அது அவனை விடவில்லை. றிக்சனுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. செத்த மனிதர் பழிவாங்க வரவில்லை, அன்று அவன் செய்யவிடாத வேலையைச் செய்து முடிக்க வந்திருக்கிறார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்க நானா,” என்று முணுமுணுத்தான். கேட்க ஆளில்லாத இடத்தில் வாய் எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது!

கரண்ட் வந்தது. தண்டைச் சீராகக் கடைந்து முடித்து, டயலைத் துடைத்துத் துணியில் சுற்றி லாச்சிக்குள் வைத்தான்.

பரீதாவும் அன்ஸாரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அவள் சாஃப்டைத் தடவிப் பார்த்தாள்.

“அஸ்ஹான் இன்னும் வாப்பாட கபுறடிக்குப் போகல்ல தம்பி. கவனமில்லாத மனுசனெண்டு கோவம்.” கொஞ்சம் தயங்கினாள். “அண்டைக்கு நீங்க குடுக்கக்குள்ள இது சரியாத்தானே இருந்த?”

அன்ஸார் பார்த்துக்கொண்டு நின்றார். பிழை தன்னுடையதென்று ஒரு சொல் சொன்னால் போதும், மகன் தகப்பன் அடங்கிய கபுறடிக்குப் போவான். றிக்சன் அன்ஸாரைப் பார்த்தான்.

“ஓம் ராத்தா. சரியாத்தான் இருந்தது.”

“அப்ப அவர்லதான் பிழை,” என்று அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

அன்ஸார் சாப்பிடப் போனார். பட்டறை அடங்கியது.

லாச்சிக்குள் மெல்லியதாக ஏதோ சுரண்டியது.

திறந்தான். டயலைச் சுற்றியிருந்த துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. விலக்கிப் பார்த்தான்.

எதையும் தொடாமல் கிடந்த டயலில், முள் அன்றுபோலவே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.