மேய்ந்த புல், மேயாத புல்

டெஸ்மண்ட் கோர்லெட்டின் சின்ன விமானம், அவரே மேடு வெட்டிப் பள்ளம் நிரவிப் புல் விதைத்த ஓடுபாதையின் நடுவில் மல்லாந்து கிடந்தது. சக்கரங்கள் இரண்டும் வானத்தைப் பார்த்திருந்தன. வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி. பெண் போலீஸ் சார்ஜென்ட் நைரி தாமிஹானா மலையேறி வந்து சேர்ந்தபோது, டாக்டர் ஸ்வின்பர்ன் தன் வேலையை முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கழுத்து எலும்பு முறிஞ்சிருக்கு. விமானம் கவுந்த அந்த நொடியே உயிர் போயிருக்கும். வேதனை தெரிஞ்சிருக்காது," என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில்.

டெஸ்மண்டின் உடலை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போர்வை போர்த்தியிருந்தார்கள். ஓடுபாதையின் மேல்கோடியில் அது கதவு திறந்தபடி நின்றது.

டெஸ்மண்டை அறியாதவர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் இல்லை. குளிர்கால மழையில் மண்சரிந்து ஊருக்குப் போகும் ஒரே சாலை அடைபட்ட வாரத்தில்தான் அவர் மனைவி நோயோடு கிடந்து இறந்துபோனாள். அடுத்த கோடையில் அவர் புல்டோசரை வாடகைக்கு எடுத்து, மலை முதுகில் இந்த ஓடுபாதையைப் போட்டார். கீழ்க்கோடியில் இறங்கி மேட்டை நோக்கி ஓட வேண்டும். ஏற்றமே விமானத்தை நிறுத்திவிடும். அதன்பின் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேர் அவருடைய விமானத்தில் ஆஸ்பத்திரி போய்ப் பிழைத்து வந்தார்கள். அந்தப் புல்லை அவர் தலைவாரிப் பின்னல் போட்டு வளர்க்கிறார் என்று மதுக்கடையில் கேலி பேசியவர்களும் அவர்களில் உண்டு.

ஓடுபாதைக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. ஆடு மேயலாம், மாடு கூடாது. மாட்டின் குளம்பு குழி போடும், குழி சக்கரத்தைப் பிடிக்கும்.

இறந்தவரின் மகன் வாரிக் வேலியோரம் குந்தியிருந்தான். பண்ணையைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த நாளிலிருந்தே நைரிக்கு அவனைத் தெரியும்.

"என்ன ஆச்சு, வாரிக்?"

"பிரேக் இறுகிடுச்சு. வேற என்ன? நேத்துதான் பிப் புதுசா மாத்தினா. எறங்கினதும் சக்கரம் அப்படியே கவ்விடுச்சு."

"நீ பாத்தியா?"

"சத்தம்தான் கேட்டுது. கொட்டகையில ஆட்டுக்குக் கம்பளி கத்தரிச்சிட்டு இருந்தேன். ஓடி வந்தேன். பாத்தேன். கீழ வீட்டுக்கு ஓடிப் போய் போன் பண்ணேன். இங்கதான் கைபேசிக்கு சிக்னல் கிடையாதே."

"பிலிப்பாகிட்ட யாரு சொன்னாங்க?"

"நான்தான். பிரேக்னால போச்சுன்னும் சொன்னேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

பிலிப்பா, அவன் பிப் என்று அழைப்பவள், அவனுடைய அக்கா. ஊரில் விமானப் பட்டறை வைத்திருக்கிறாள். அப்பாவின் விமானத்தை ஆண்டுதோறும் பிரித்துச் சோதித்துக் கொடுப்பவள் அவளே. மூன்று நாளாக டெஸ்மண்ட் அவள் வீட்டில் தங்கியிருந்து, அன்று காலை அங்கிருந்துதான் பறந்து வந்தார். செய்தி கேட்டு அவள் காரை விரட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் மேலே ஏறவில்லை. பண்ணையின் கீழ்க்கதவருகே காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தாள். வரும்போது நைரி அவளைப் பார்த்துப் பேசியிருந்தார்.

"நாலு தடவை மிதிச்சுப் பாத்துதான் அனுப்பினேன், சார்ஜென்ட். இருந்தும் நான் எங்கயோ விட்டிருக்கேன். என் கையாலதான் போயிட்டார். அவர் மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல," என்றாள்.

அந்தக் குரல் நைரியின் காதை விட்டுப் போகவில்லை. விபத்தை ஆராயும் அதிகாரிகள் தலைநகரிலிருந்து மறுநாள்தான் வருவார்கள். அதுவரை ஒரு பெண் தன் தகப்பனைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டுமா? நைரி தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

முதலில் சக்கரங்கள். விமானம் கவிழ்ந்ததில் ஒரு வசதி, அவை கைக்கு எட்டின. கையுறை போட்டு மெல்லத் தள்ளினார். இரண்டும் வழுக்கிக்கொண்டு சுழன்றன.

அடுத்தது தடம். கீழ்க்கோடிக்குப் போய் அங்கிருந்து மேல்நோக்கி நடந்தார். சக்கரம் தொட்ட இடம் தெரிந்தது. அங்கிருந்து பனி ஈரம் பட்ட புல்லில் இரண்டு மெல்லிய கோடுகள், சக்கரம் தடையில்லாமல் உருண்ட அடையாளம், வெகுதூரம் சென்றன. பிறகு, பாதையின் நடுவை நெருங்கும்போது, இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் தடித்தன. புல் பெயர்ந்து மண் தெரிந்தது. அங்கிருந்து விமானம் வரை உழுத மாதிரிக் கிடந்தது.

நைரி நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிப்ரவரி மாதம், இங்கே கடும் கோடை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு மழை இல்லை. சுற்றிலும் மலைகள் ரொட்டி நிறத்தில் காய்ந்து கிடந்தன. டெஸ்மண்ட் தண்ணீர் பாய்ச்சிக் காத்த இந்த ஒரு பட்டை மட்டும் பச்சை. அதிலும் கீழ்ப்பாதியில் புல் ஒட்ட மேய்ந்திருந்தது. மேல்பாதியில் கணுக்காலுக்கு மேல் வளர்ந்து நின்றது.

இன்னும் நாலடி வைத்தவர், வைத்த காலை முகம் சுளித்து எடுத்தார். சாணி. மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருந்தது.

"வாரிக்! மாடு எப்ப வந்துச்சு இங்க?"

அவன் எழுந்து வந்தான். "ராத்திரி இளங்காளைங்க கதவைத் தள்ளிட்டு உள்ள பூந்துடுச்சு. விடிகாலையில தொரத்திட்டேன்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தோலை உரிச்சிருப்பார்." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

அடுத்த வயலில் இருபது முப்பது இளங்காளைகள் நின்றன. வாரிக் எழுந்து நடந்ததுதான் தாமதம், அத்தனையும் கதவோரம் வந்து முண்டியடித்துக் கத்த ஆரம்பித்தன. சார்ஜென்டும் டாக்டரும் அந்தப் பக்கம் எத்தனை முறை நடந்தபோதும் அவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"உன்மேல ரொம்பப் பாசமா இருக்கே," என்றார் நைரி.

"தீனி போடறவன் நான். அதான்."

பன்னிரண்டரை மணிக்கு எதிர் மலையிலிருந்து மெர்வின் கிரிப்பன் வந்தார். நேர்கோட்டில் பார்த்தால் அவர் வீடு கூப்பிடு தூரம். நடுவில் பெரிய ஓடைப்பள்ளம் இருப்பதால் சாலையில் சுற்றி வர முக்கால் மணி நேரம். விமானச் சத்தத்துக்குத் தன் மான்கள் மிரள்கின்றன என்று டெஸ்மண்டோடு பத்து வருடமாகச் சண்டை போட்டவர். கண் சிவந்திருந்தது.

"என்னைத்தான் மொதல்ல சந்தேகப்படுவீங்க. கேளுங்க, கேட்டுத் தொலைங்க."

"என்ன பாத்தீங்க, மெர்வின்?"

"ஓடுபாதை மேல ஒரு வட்டம் அடிச்சான். எறங்கறதுக்கு முன்னாடி எப்பவும் அடிப்பான், படுபாவி. எறங்கினான். மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைஞ்சான். டமால்னு ஒரு சத்தம். ரேடியோல பத்து மணி செய்தி அப்பதான் ஆரம்பிச்சுது. வாரிக்கோட வண்டி அங்க மேல போறதப் பாத்தேன். சரி, அவன் பாத்துப்பான், போன் பண்ணுவான்னு இருந்துட்டேன். நானே பண்ணியிருக்கணும். பத்து வருஷமா அவனோட கத்திக் கத்தி..." திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

நைரி தன் ரேடியோவில் காவல் நிலையத்தை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். கோர்லெட் பண்ணையிலிருந்து போன் வந்தது எப்போது? பத்தரைக்கு என்றார்கள்.

கத்தரிப்புக் கொட்டகை ஓடுபாதைக்கு அடுத்தாற்போல் இருந்தது. கீழே வீட்டுக்கு வண்டியில் ஐந்து நிமிடம்.

நைரி மறுபடி பாதையின் நடுவுக்கு வந்தார். இந்தமுறை நிற்கவில்லை. சீருடையோடு மண்டியிட்டார். மேய்ந்த புல்லும் மேயாத புல்லும் சந்திக்கும் இடத்தில் விரலால் புல்லை விலக்கிக்கொண்டே, பாதையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை முழங்காலால் நகர்ந்தார். டாக்டர் அவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து ஓடி வந்தார். நைரி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை. அவர் பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"டாக்டர், நீங்க இங்கயே இருங்க. வாரிக், நீ என்கூடக் கீழ வா. உங்க அக்காகிட்டப் பேசணும்."

"அவகிட்ட எதுக்கு?"

"வா."

பிலிப்பா காரை விட்டு இறங்கி நின்றாள். நைரி சுற்றி வளைக்கவில்லை.

"பிலிப்பா, உங்க பிரேக்ல ஒரு கோளாறும் இல்ல. பிரேக் இறுகியிருந்தா தொட்ட எடத்துலயே சக்கரம் தேய்ஞ்சிருக்கும். தேயலை. நல்லா உருண்டு வந்திருக்கு. பாதி தூரம் வந்தப்புறம் ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்துல பிடிச்சிருக்கு. உங்கப்பாவே மிதிச்சிருக்கார், பலம்கொண்ட மட்டும்."

"அந்த மேட்டுல அவர் பிரேக்கே போட மாட்டாரே!" என்றாள் பிலிப்பா. "தேவையே இல்லையே."

"அதான் கேள்வி. எதையோ பாத்துட்டு மிதிச்சிருக்கார். எதை?" நைரி வாரிக்கின் பக்கம் திரும்பினார். "மாடு ராத்திரி பூந்துடுச்சுன்னு சொன்னே. சரி. தப்பிச்சு வந்த மாடு எப்படி மேயும்? இங்க ஒரு வாய், அங்க ஒரு வாய். எங்க ருசியோ அங்க. இங்க கீழ்ப்பாதி மொட்டை, மேல்பாதியில ஒரு வாய்கூட வைக்கல. நடுவுல ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி ஒரு கோடு. மாட்டுக்குக் கோடு போடத் தெரியாது, வாரிக். நான் பால் பண்ணையில வளர்ந்தவ. நடுவுல மின்வேலி கட்டி, தெனமும் கொஞ்சம் கொஞ்சமா வேலியத் தள்ளி மேய விட்டாத்தான் அப்படி ஒரு கோடு விழும்."

வாரிக்கின் கண் மேலே கொட்டகைப் பக்கம் போய் வந்தது.

"அந்தக் கோட்டு மேல வரிசையா ஓட்டை இருக்கு, பென்சில் குத்தின மாதிரி. வேலிக் குச்சி நட்ட எடம். குச்சியக் காணோம், கம்பியக் காணோம். ஆனா உங்கப்பா வந்தப்போ இருந்திருக்கு. மேலேருந்து பாத்தா நூல் மாதிரி இருக்கற அந்தக் கம்பி தெரியாது. கிட்ட உருண்டு வரும்போதுதான் தெரிஞ்சிருக்கும். அதுவும் வால் சக்கர விமானம், தரையில வால் தாழ்ந்து மூக்கு தூக்கி நிக்கும், முன்னாடி இருக்கறத மறைக்கும். கடைசி நேரத்துல பாத்திருக்கார், மிதிச்சிருக்கார், மூக்கு குத்திக் கவுந்திருக்கு. யாரு வேலி கட்டினதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. உன்னக் கண்டதும் அந்தக் காளைங்க கதவுக்கு ஓடி வந்துச்சு. தெனமும் காலையில வேலியத் தள்ளிப் புதுப்புல் காட்டறவனைத்தான் அது அப்படிக் கூப்பிடும்."

பிலிப்பா தம்பியைப் பார்த்தாள். "ஓடுபாதையிலயா? மாட்டையா?"

"மலையில ஒரு புல் இல்ல, பிப்!" வாரிக்கின் குரல் உடைந்தது. "காளைங்க எலும்பும் தோலுமா நிக்குது. இங்க மட்டும் பச்சைப் பசேல்னு, யாருக்கும் இல்லாம. மூணு நாள் அவர் இல்லையேன்னு விட்டேன். இன்னிக்கு சாயங்காலம்தான் வரேன்னார். விடியறப்போ மாட்டை ஓட்டிட்டேன். கம்பிய அப்புறம் சுத்திக்கலாம்னு..."

"மழை வரும் போல இருந்துச்சு. காலையிலயே கிளம்பிட்டார். வீட்டுக்குப் போன் பண்ணேன், யாரும் எடுக்கல," என்றாள் பிலிப்பா.

"விமானச் சத்தம் கேட்டுது. வண்டிய எடுத்துட்டுப் பறந்தேன். கைய ஆட்டினேன். எறங்காதீங்க, எறங்காதீங்கன்னு ரெண்டு கையையும் ஆட்டினேன். நான் வரவேற்கறேன்னு அவர் நெனச்சுட்டார். இறக்கைய ஆட்டிக் காமிச்சார்."

ஆனாலும் நைரி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"விமானம் கவுந்தது பத்து மணிக்கு. நீ போன் பண்ணது பத்தரைக்கு. மொதல்ல எங்க போன, வாரிக்? அப்பாகிட்டயா, கம்பிகிட்டயா?"

அவன் தரையைப் பார்த்தான். "கம்பிகிட்ட."

"அவர் உயிரோட இருக்காரான்னுகூடப் பாக்கலையா?" பிலிப்பாவின் கேள்வி கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"பாக்கல. பாத்திருந்தா கம்பியச் சுத்தியிருக்க முடியாது."

"உடனே போயிட்டார்னு டாக்டர் சொல்றார், பிலிப்பா," என்றார் நைரி. "உங்க நிம்மதிக்காகச் சொல்றேன். இவனுக்காக இல்ல. வாரிக், கம்பிய மறந்தது கவனக்குறைவு. அதை ஒளிச்சுட்டு, உங்க அக்கா தலையில பழியத் தூக்கி வெச்சியே, அதுக்கு என்ன பேருன்னு நீயே சொல்லு. குச்சியும் கம்பியும் எங்க இருக்கு?"

"கொட்டகையில. கம்பளி மூட்டைக்கு அடியில." சொல்லிவிட்டு அவன் சட்டென்று தலை நிமிர்ந்தான். மூழ்குகிறவன் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து இழுப்பதுபோல அக்காவைப் பார்த்துப் பேசினான். "ஆனா நீ புது பிரேக் போடாம இருந்திருந்தா, பழைய பிரேக் இவ்ளோ பிடிச்சிருக்காது. கம்பிய அறுத்துட்டு அவர் பாட்டுக்கு ஓடி வந்திருப்பார். அதையும் யோசிச்சுப் பாரு, பிப்."

நைரி வாயெடுத்தார். பிலிப்பா கையைக் காட்டி அவரைத் தடுத்தாள்.

"பிடிக்கணும்னுதான்டா பிரேக் போடறது," என்றாள். "அவர் மிதிச்சார். அது பிடிச்சுது."

காரின் கதவைச் சாத்திவிட்டு மேட்டில் ஏறத் தொடங்கினாள். நடு வழியில் கால் தடுமாறியது, நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் அருகே டாக்டர் அவளைப் பார்த்துத் தயங்கினார்.

"போர்வைய எடுங்க. அப்பாவைப் பாக்கணும்," என்றாள் பிலிப்பா.

டாக்டர் எடுத்தார். அவள் குனிந்து, இரண்டு கைகளாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அன்று முதல்முறையாக அழுதாள்.